பதினோரு செகண்டு

அண்ணா, ஏனுங்கண்ணா, அதுல ஏறாதீங்க. இப்படி வாங்க, படியில போயிறலாம். இல்லைங்க, கெட்டெல்லாம் போகலை. நல்ல லிஃப்ட்டுங்க அது. போன மாசந்தான் போட்டது, பெயிண்ட்டு வாசங்கூட இன்னும் போகலை. இன்னிக்கு ஒரு நாளைக்கு வேண்டாம்னு சொல்றேன், அவ்வளவுதான். உங்களுக்கு எத்தனாவது மாடிங்க? அஞ்சா. எனக்கு ஆறு. பேசிட்டே போனா ஏறுனதே தெரியாது. அந்தப் பையை இப்படிக் குடுங்க. பிளாஸ்க்கை மட்டும் நீங்களே வெச்சுக்கங்க. எனக்குக் கையெல்லாம் வேர்வை, வழுக்கிக் கீழ போட்டாலும் போட்டுருவேன்.

காய்ச்சல் இல்லைங்க. பயமுங்க. காலையில ஒம்பது மணியில இருந்து இப்படித்தான் இருக்குது.

ஒம்பது மணிக்குத்தானுங்களே கரண்ட்டு போச்சு. மாதாந்திரப் பராமரிப்புன்னு பேப்பர்லயே போட்டிருந்தாங்க, ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும். ஆஸ்பத்திரிக்கு என்னங்க, ஜெனரேட்டர் இருக்குது. பின்னாடி வண்டி நிறுத்தற எடத்துல ஓடிட்டு இருக்குது, கேக்குதுங்களா? ஊரே கரண்ட்டு எப்ப வரும்னு பாத்துட்டு இருக்கும். வந்துறக் கூடாதுன்னு சாமி கும்புட்டுட்டு இருக்கற ஒரே ஆளு நான்தான். நாலு மணின்னு போடுவாங்களே ஒழிய, வேலை முடிஞ்சா ரெண்டு மணிக்கும் உடுவாங்க, பதினொண்ணுக்கும் உடுவாங்க. இப்ப மணி பத்தே முக்கால்.

ஏன்னு கேக்கறீங்க. கேப்பீங்கல்ல. சொல்றேன், ஆனா யாருகிட்டயும் சொல்லக் கூடாது.

லிஃப்ட்டுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்குதுங்க. கம்ப்யூட்டர்னா டி.வி. மாதிரிப் பெருசா இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு. அதுல லினக்ஸ்னு ஒண்ணு ஓடும். உங்க போன்ல ஓடறதுக்கு அது ஒரு வகையில சொந்தம்னு வெச்சுக்கங்களேன். கரண்ட்டு விட்டு வந்தா, நடுவுல அந்தச் சின்ன இடைவெளியில போர்டு ஒரு தடவை செத்துப் பொழைக்கும். பொழைக்கறப்ப மொதல்ல எந்திரிக்கறது கர்னல்னு ஒருத்தன். அவன் எந்திரிச்சுத்தான் மத்தவனை எல்லாம் எழுப்புவான். கடைசியா லிஃப்ட்டை ஓட்டறவன் எந்திரிப்பான். எந்திரிச்சு லிஃப்ட்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் தொறந்து உடணும். அதுவரைக்கும் உள்ள இருக்கறவங்களுக்கு லைட்டு இல்லை, ஃபேன் இல்லை, வெளிய பேசற கருவி இருக்குதே, அதுவும் இல்லை. எல்லாம் அந்தப் போர்டு சொன்னாத்தான்.

அது முழிக்கறதுக்கு எத்தனை செகண்டு ஆகுது, அதைக் கம்மி பண்றது எப்படி. அதுதானுங்க என்ற வேலை. எட்டு வருசமா அது ஒண்ணுதான். முப்பத்தி ரெண்டு செகண்டா இருந்ததைப் பதினொண்ணுக்குக் கொண்டுவந்தவன் நானு. பெருமைக்குச் சொல்லலை. இல்லாத சாமானை எல்லாம் இருக்குதா இருக்குதான்னு தேடிட்டுக் கெடக்கும், அதை எடுத்து உட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி சொல்லிட்டே இருக்கும், நான் அதைப் பண்ணேன், நான் இதைப் பண்ணேன்னு, அதை வாயை மூட வெச்சேன். தேவையில்லாத சலசலப்பு ஒண்ணு உடலை. அப்படி ஒரு அமைதியான போர்டைக் கோயமுத்தூருல வேற எந்தக் கம்பெனியிலயும் பாக்க முடியாதுங்க.

இருங்க. ஒரு நிமிசம் பேசாதீங்க.

லிஃப்ட்டு போகுது. மேல போகுது. ம். நின்னுருச்சு, கதவு தொறக்குது. சரி, வாங்க. ரெண்டாவது மாடி தாண்டியாச்சு பாத்தீங்களா.

ஏப்ரல்ல கர்னலைப் புதுசுக்கு மாத்துனோம். பாதுகாப்புக்கு நல்லதுன்னு மேல இருந்து உத்தரவு. மாத்துன பத்தாவது நாளு சரவணம்பட்டியில ஒரு அடுக்குமாடியில இருந்து போன் வருது. கரண்ட்டு போய் வந்தா லிஃப்ட்டு நாலு நிமிசம், அஞ்சு நிமிசம் செத்தே கெடக்குதாம். நான் லேப்டாப்பையும் கேபிளையும் எடுத்துட்டு ஓடுனேன். கேபிளைப் போர்டுல மாட்டி, மெயினை இறக்கி ஏத்துனா, பதினோரு செகண்டு. மறுபடியும் இறக்கி ஏத்துனா, பதினோரு செகண்டு. இருபத்தி மூணு தடவை பண்ணேனுங்க. வாட்ச்மேனுக்குக் கையே வலிச்சுப் போச்சு. ஒரு தடவைகூடத் தப்பலை. என்னங்க, நல்லாத்தானே இருக்குதுன்னு சொல்லிட்டு ஆபீசுக்கு வந்து உக்காந்தா, போன். மறுபடியும் அஞ்சு நிமிசமாம்.

இப்படியே ரெண்டு மாசம். நான் போய் நின்னா பதினொண்ணு. நான் இந்தப் பக்கம் வண்டியை எடுத்தா அஞ்சு நிமிசம். ஆபீசுல மேசையில வெச்சுப் பாத்தாலும் பதினொண்ணுதான். மெமரி கார்டை மாத்துனேன், பவர் சப்ளையை மாத்துனேன், சூட்டுல வெச்சேன், ஏசியில வெச்சேன். ஆளு பாத்தா முழிச்சுக்குது, ஆளு இல்லைன்னா தூங்கிப்போகுது. பேய், பிசாசுன்னெல்லாம் நம்பற ஆளில்லை நானு. ஆனா ராத்திரி படுத்தா, ஏதோ ஒரு கட்டடத்துல ஆளில்லாத லிஃப்ட்டு இருட்டுல நின்னுட்டு இருக்கற மாதிரியே கண்ணுக்குள்ள வந்து நிக்கும்.

இதுல அந்த வாட்ச்மேன் வேற. புகார் நோட்டுல எழுதி வெச்சிருக்கறான்: 'பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தால் லிஃப்ட் சீக்கிரம் வருகிறது.' நாங்க அதைப் போட்டோ புடிச்சு, பிரிண்ட்டு எடுத்து, ஆபீசுல டீ மிசினுக்கு மேல ஒட்டி வெச்சோம். வர்றவன் போறவனெல்லாம் சிரிப்பான். நாலு தடவை அமுக்குனா நாலு மடங்கு வேகமா வருமாங்கன்னு நானே கிண்டல் பண்ணிருக்கறேன். பாமர ஜனங்க, அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை.

அங்க மயிலாத்தாக்கான்னு ஒருத்தங்க, கூட்டித் தொடைக்கற வேலை. அம்பது வயசு இருக்கும். வாளியும் மாப்புமா அந்த லிஃப்ட்டுல நாளைக்கு முப்பது தடவை போய் வர்றவங்க. அவங்களும் அதையேதான் சொன்னாங்க. "ஏந் தம்பி, இதைய தொட்டுட்டே இருக்கோணும். சும்மா உட்டா அது தூங்கிப்போகும்." நான் நின்னு பொறுமையாச் சொல்லிக் குடுத்தேன். அக்கா, அது கம்ப்யூட்டரு, மாடு இல்லை தட்டி எழுப்பறதுக்கு, நீங்க அமுக்கறது அதுக்குத் தெரியவே தெரியாது, அது முழிச்ச பொறவுதான் பட்டனையே பாக்கும்னு. அவங்க தலையை ஆட்டுனாங்க. விவரம் பத்தாதுங்க, பாவம், நல்ல மனுசி.

மூச்சு வாங்குதுங்களா? சித்த நில்லுங்க. மூணாவது மாடிதானே. தண்ணி வேணுமுங்களா?

சரின்னு ஒரு நாள் முடிவு பண்ணேன். கேபிளே மாட்டப் போறதில்லை. லேப்டாப்பு வேண்டாம். நானே லிஃப்ட்டுக்குள்ள ஏறி நின்னுக்கறேன், நாலாவது மாடியைத் தாண்டறப்ப மெயினை இறக்கி ஏத்துன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லிட்டேன். போர்டு பண்றதை எல்லாம் அது உள்ளயே எழுதி வெச்சுக்கும், பொறவு எடுத்துப் படிச்சுக்கலாம். கதவு மூடப் போற நேரத்துல மயிலாத்தாக்கா வாளியோட உள்ள வந்துட்டாங்க. எறங்குங்கன்னு சொல்றதுக்குள்ள கதவு மூடிருச்சு.

டக்குன்னு நின்னுது. இருட்டுன்னா அப்படி ஒரு இருட்டுங்க. ஃபேன் சுத்தி நிக்கற சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். நான் எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினொண்ணு வந்துச்சு. ஒண்ணும் நடக்கலை. இருபது. முப்பது. அறுபது. எட்டு வருசமா அந்தச் செகண்டை நான் வெளிய நின்னு கம்ப்யூட்டர்லதாங்க பாத்திருக்கறேன். உள்ள நின்னு பாத்ததில்லை. ஒரு செகண்டுங்கறது எவ்வளவு நீளம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அக்கா பட்டனை அமுக்கப் போனாங்க. நான் கையைப் புடிச்சுட்டேன்.

இல்லைங்க, தப்பா நினைக்காதீங்க. காரணம் இருக்குது. சோதனை பண்றப்ப எதையும் தொடக் கூடாதுங்க. தொட்டா எதனால என்ன ஆச்சுன்னே தெரியாமப் போயிரும். எங்க தொழில்ல அதுதான் மொதப் பாடம். அதைத்தான் சொன்னேன். "அக்கா, தொடாதீங்க, சோதனை நடக்குது." அவங்க, "தம்பி, எனக்கு இளைப்பு இருக்குது, மூச்சு முட்டுது, உடு சாமி"ன்னாங்க. நான் உடலை. எனக்கு அவ்வளவு பயமா இருந்துச்சுங்க. வேர்த்து ஊத்துது. எனக்கும் மூச்சு முட்டுது. ஆனா அவங்க கையைப் புடிச்சிட்டு இருந்ததுல ஒரு தைரியமா இருந்துச்சு, அதுவும் உண்மைதான். சோதனைக்குப் புடிச்சேனா பயத்துல புடிச்சேனான்னு கேட்டா, ரெண்டும்னுதான் சொல்லோணும்.

எவ்வளவு நேரம்னா, ஆறு நிமிசம். அவங்க மூச்சு விசில் மாதிரிக் கேக்க ஆரம்பிச்சுருச்சு. அதுக்கு மேல அந்தம்மா என்ற கையைக் கடிச்சுட்டாங்க. பாருங்க, இந்தப் பெருவிரலுக்குக் கீழ, தழும்பு இன்னும் இருக்குது. கடிச்சுட்டு ரெண்டு உள்ளங்கையிலயும் அத்தனை பட்டனையும் அடிச்சாங்க. அமுக்கறதில்லைங்க, அடிச்சாங்க. கோயில்ல மத்தளம் அடிக்கற மாதிரி. ஒரு பத்து பதினஞ்சு செகண்டு இருக்கும். லைட்டு வந்துருச்சு. ஃபேன் சுத்துது. லிஃப்ட்டு மெதுவா எறங்கி நாலாவது மாடியில நின்னு கதவு தொறந்துருச்சு.

அவங்க வெளிய விழுந்து, தரையிலயே படுத்துட்டாங்க. வீட்டுக்காரங்க ஓடியாந்து தண்ணி குடுத்தாங்க. நான் மேல மிசின் ரூமுக்கு ஓடுனேன், போர்டு எழுதி வெச்சிருந்ததைப் பாக்கறதுக்கு. எழுதியிருந்துச்சுங்க. ஒம்பதாவது செகண்டு வரைக்கும் சரசரன்னு வேலை நடக்குது. அதுக்கப்புறம் ஒரு வரிகூட இல்லை. முந்நூத்தி எழுபதாவது செகண்டுல மறுபடியும் ஆரம்பிக்குது. நடுவுல அது என்ன பண்ணிட்டு இருந்துச்சு தெரியுமுங்களா? காத்துட்டு உக்காந்திருந்துச்சு.

விசயம் இதுதான். லிஃப்ட்டு எங்க ஆபீசுக்குத் தகவல் சொல்லணும்ல, எங்க நிக்குது, எத்தனை பேரு ஏறுனாங்கன்னு. அதை வேற யாரும் படிக்காம இருக்கறதுக்கு ஒரு ரகசிய எண்ணு வேணும். யாராலயும் ஊகிக்க முடியாத எண்ணா இருக்கோணும். கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு எண்ணைச் சொந்தமா யோசிக்கத் தெரியாதுங்க. வெளிய நடக்கற சலசலப்புல இருந்துதான் பொறுக்கும். ஒருத்தன் பட்டனை அமுக்கறான், கேபிள்ல ஏதோ வருது, அது எந்த நொடிக்கு வந்துச்சுன்னு பாத்துப் பாத்துச் சேர்த்து வெச்சுக்கும். போதுமானது சேர்ற வரைக்கும் கர்னல் அந்த எண்ணைக் குடுக்காது. பழைய கர்னல் இருக்கறதைக் குடுத்துரும், புதுசு ரொம்பக் கறார். நான் கேபிளோட போய் நின்னப்பவெல்லாம் என்ற கேபிள்லயே அதுக்கு வேணுங்கற அளவு சலசலப்பு இருந்துச்சு. ஆபீசுலயும் அப்படித்தான். ஆளில்லாத எடத்துல, யாரும் எதையும் தொடாத எடத்துல, அதுக்கு ஒண்ணுமே கிடைக்கலை. அதுவும் நான் வேற எல்லாத்தையும் வாயை மூட வெச்சிருந்தேனா. அந்தச் சலசலப்புத்தான் அதுக்குச் சாப்பாடுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

லிஃப்ட்டை ஓட்டறவன் அந்தத் தகவல் சொல்றவனுக்குப் பின்னாடி வரிசையில நின்னிருக்கறான், அவனுக்கு எண்ணு கெடைக்காம இவன் எந்திரிக்க முடியாது. யாரு அவனைப் பின்னாடி நிக்க வெச்சதுன்னா, அது ஒரு வரிங்க. ஒரே ஒரு வரி. எல்லா லிஃப்ட்டையும் காட்டற ஆபீசு டி.வி.யில லிஃப்ட்டு மொதல்ல தெரியோணும், பொறவுதான் ஓடோணும்னு வித்யாசாகர் சார் ஆசைப்பட்டாரு, அவர்தான் எங்க மேனேஜர். எழுதுனது நானு.

ஆனா கண்டுபுடிச்சதும் நான்தானுங்க. ரெண்டு மாசம் யாராலயும் முடியாததை. பதினாலு பக்கம் ரிப்போர்ட்டு எழுதுனேன், எல்லாரும் கை குடுத்தாங்க. மயிலாத்தாக்காவைப் பத்தியும் ஒரு வரி போட்டேன்: 'உள்ளே இருந்த ஒருவர் பதற்றத்தில் பட்டன்களை அழுத்தினார்.' அவங்களுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். வாங்கிக்கலை. இப்பப் பன்னெண்டு மாடியும் வாளியைத் தூக்கிட்டு ஏறியேதான் போறாங்களாம். பயந்துட்டாங்க போல.

நாலாவது மாடி. அந்த ஜன்னல்கிட்ட நிப்போம், காத்து வருது. ஜெனரேட்டர் ஓடுதுங்களா? ம், ஓடுது. சத்தம் கேக்கற வரைக்கும் பயமில்லை.

சரிபண்ணியாச்சான்னு கேக்கறீங்க. பண்ணியாச்சுங்க, பண்ணாம இருப்பனா. சரவணம்பட்டியில பண்ணியாச்சு. அந்த வரியை மாத்தி வெச்சாப் போதும், லிஃப்ட்டுக்காரன் மொதல்ல எந்திரிச்சுருவான். நாப்பது நிமிச வேலை. ஆனா இந்த ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே சரிபண்றதுக்கு முந்தின போர்டுதான் போட்டிருந்துச்சு. அரசாங்கத்துல இருந்து இன்ஸ்பெக்டர் வந்து பாக்கோணும், வர்ற இருபதாந் தேதி வர்றாரு. அவருக்குக் குடுத்த காகிதத்துல அந்தப் போர்டு நம்பருதான் இருக்குது, ஒரு வரியைத் தொட்டாலும் நம்பரு மாறிரும். இப்ப மாத்துனா காகிதம் எல்லாம் மறுபடியும் மொதல்ல இருந்து. வித்யாசாகர் சார் கூப்புட்டு உக்கார வெச்சுச் சொன்னாரு. "இருபதாந் தேதி வரைக்கும் வாயைத் தொறக்காதப்பா. ஆஸ்பத்திரியில எப்பப் பாத்தாலும் யாராச்சும் பட்டனை அமுக்கிட்டுத்தான் இருப்பாங்க. அங்க வராது." அவரு சொன்னதும் சரியாத்தான் பட்டுச்சு.

அந்தக் காகிதத்துல ஒரு கட்டம் இருக்குதுங்க. மின்சாரம் திரும்பியபின் லிஃப்ட் இயங்க ஆகும் நேரம். அதுல பதினோரு செகண்டுன்னு எழுதிக் கீழ ஒரு கையெழுத்து.

என்றதுதான்.

இல்லைங்க, அதுக்கு முன்னாடி இல்லை. சரவணம்பட்டிக்கு அடுத்த வாரம் போட்டது. தெரிஞ்சேதான் போட்டேன். அப்படிப் பாக்காதீங்கண்ணா. கேபிளோட பாத்தாப் பதினோரு செகண்டுதான் வருது. எழுதுனது பொய்யில்லை.

காலையில ஒம்பது மணிக்குக் கரண்ட்டு போச்சு பாருங்க, அப்ப லிஃப்ட்டு கீழ காலியா நின்னுட்டு இருந்துச்சு. நான் படிக்கட்டுல நின்னு வாட்சைப் பாத்துட்டு இருந்தேன். ஜெனரேட்டர் அரை நிமிசத்துல வந்துருச்சு. லிஃப்ட்டுல லைட்டு வர்றதுக்கு அஞ்சு நிமிசம் பதினெட்டு செகண்டு. யாருமே கவனிக்கலைங்க. ஒருத்தரு வந்து பாத்தாரு, கதவு தொறக்கலை, சலிச்சுட்டுப் படியில போயிட்டாரு. அப்ப ஆரம்பிச்ச பயம் இது. கரண்ட்டு திரும்பி வர்றப்ப ஜெனரேட்டர்ல இருந்து லைனுக்கு மாத்துவாங்க. அந்த நேரத்துல மறுபடியும் ஒரு தடவை செத்துப் பொழைக்கும். அப்ப உள்ள யாரு இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?

எனக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல. என்ற தங்கச்சி, வெண்ணிலா. ஆறாவது மாடியில இருக்கறா. மொதப் பிரசவம். கொழந்தை திரும்பலை, ஆபரேசன்னுட்டாங்க. பதினோரு மணிக்கு ரெண்டாவது மாடிக்குக் கொண்டு போகோணும். லிஃப்ட்டுலதான் கொண்டுபோவாங்க, வேற வழி? நேத்து சேர்க்கறப்பக்கூட மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டு இருந்தா, எங்கண்ணன் கம்பெனி லிஃப்ட்டுன்னு.

ராத்திரி முழுக்க யோசிச்சேன். காலையில போய் வார்டு சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன்.

இல்லைங்க, அதைச் சொல்லலை. அதை எப்படிங்க சொல்றது? ஜோசியர் சொல்லிருக்கறாருன்னு சொன்னேன். எங்க குடும்பத்துக்கு லிஃப்ட்டு ராசியில்லை, பிரசவத்துக்குப் போறப்பப் படியிலயே எறங்கிப் போகோணும், கயித்துல தொங்கற வண்டியில போகக் கூடாதுன்னு ஒரு கதை கட்டி உட்டேன். அந்தம்மா ஒரு மாதிரிப் பாத்துச்சு. "என்னங்க, படிச்சவரு மாதிரி இருக்கறீங்க, இதையெல்லாம் நம்பறீங்களே"ன்னு கேட்டுச்சு. கேக்கட்டும். நாலு பேரு நாற்காலியில உக்கார வெச்சுப் படியிலயே எறக்கறதுக்கு ஒத்துக்கிட்டாங்க. தங்கச்சி விசயம் முடிஞ்சுதுங்க. அந்தளவுக்கு நிம்மதி.

இதா, உங்க மாடி வந்துருச்சு. பை இந்தாங்க.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு. வெளிய உடறதுக்கு இல்லைங்க இது. என்ற பேரு வெளிய வந்துச்சுன்னா இந்த ஊருல எந்தக் கம்பெனியும் வாசல்ல நிக்க உடாது. நான் சொல்லிட்டேனே உங்ககிட்ட, நீங்க வேணுமுன்னா கீழ போய் ஆபீசுல ஒரு வார்த்தை, லிஃப்ட்டு ஒரு மாதிரி இருக்குதுன்னு, பொதுவா... யாரு சொன்னாங்கன்னு கேட்டா யாரோ சொன்னாங்கன்னு... முடியாதுங்களா. சரி. சரிங்க. நீங்க எதுக்கு இதுல. உங்களுக்கும் ஏதாச்சும் வேணுமுன்னா சொல்லுங்க, நானே சிஸ்டர்கிட்டப் பேசறேன், உங்க ஜாதகத்துக்கும் ராசியில்லைன்னு சொல்லிறலாம். உங்க வீட்டுல அண்ணிக்கு என்ன ஆபரேசன்னீங்க? பித்தப்பைக் கல்லா. எத்தனை மணிக்குங்க?

போன் அடிக்குது பாருங்க உங்களுக்கு. எடுங்க.

யாருங்க? மச்சினிச்சியா? என்னவாம்?

முன்னாடியே கூப்புட்டுட்டாங்களா. கீழ கொண்டுபோறாங்களா. எதுல?

எப்ப ஏத்துனாங்க? இப்பத்தான்... கதவு மூடிருச்சுங்களா? போனை வெக்காதீங்கண்ணா. வெக்காதீங்க, பேசிட்டே இருங்க. ஒண்ணுமில்லை, ரெண்டாவது மாடிக்குத்தானே, அரை நிமிசம் ஆகாது, இப்பப் போயிருவாங்க. கரண்ட்டு நாலு மணிக்குத்தான். பேப்பர்லயே போட்டிருக்குது.

அண்ணா.

சத்தம் நின்னுருச்சுங்களா?

இல்லைங்க, போன்ல இல்லை. வெளிய. ஜெனரேட்டர்.

என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க உங்க மச்சினிச்சி? இருட்டாயிருச்சா? இங்க குடுங்க. குடுங்கண்ணா போனை.

அம்மிணி, கேக்குதுங்களா, நான் சொல்றதைக் கேளுங்க. பயப்படாதீங்க. அங்க பட்டன் இருக்குதுல்ல, கையால தடவிப் பாருங்க, இருக்குதுங்களா? எல்லாத்தையும் அமுக்குங்க. எதை வேணாலும். மாத்தி மாத்தி அமுக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க.

யாரு வேண்டாங்கறது? லிஃப்ட்டு ஓட்டற ஆளா? அவருகிட்டக் குடுங்க. அவரு காதுல வெய்யுங்க.

ஏனுங்க, அவங்களைத் தடுக்காதீங்க. அமுக்கட்டும். கெட்டுப்போகாதுங்க. நானா? நான் சும்மா... இங்க ஒரு பேசன்ட்டோட ஆளுங்க. எனக்குக் கொஞ்சம் தெரியும். இல்லைங்க, இருங்க, கத்தாதீங்க. உள்ள அண்ணிக்கு மூச்சு எப்படி இருக்குது? சிஸ்டர் என்ன சொல்றாங்க? ஆக்சிஜன் சிலிண்டர் கூட இருக்குதுங்களா? இல்லையா.

அண்ணா, அழுகாதீங்கண்ணா, எனக்குக் கேக்க மாட்டேங்குது.

ஏனுங்க, ஓட்டறவரே, கேளுங்க. என்ன எழுதி ஒட்டியிருக்குது? கரண்ட்டு போனாப் பட்டனைத் தொடக் கூடாதுன்னா? கம்பெனியே ஒட்டியிருக்குதுன்னா? தெரியுமுங்க. எனக்குத் தெரியும் அந்தக் காகிதம். ஜனங்க சும்மா அமுக்கிட்டே இருக்கறாங்கன்னு நாங்கதான் அடிச்சு ஒட்டுனோம். அது தப்புங்க. எழுதுனவனே சொல்றேன், தப்பு. கிழிச்சு எறியுங்க.

அதுதான் சொல்றேனே, எழுதுனவன்னு. எந்தக் கம்பெனின்னு கேட்டா என்ன சொல்றது, உங்க லிஃப்ட்டு கம்பெனிதான். நான் இன்ஜினியருங்க. எப்படி நம்பறதுன்னா... நீங்க யாருகிட்ட வேணாலும் கேளுங்க. இப்பவே ஒரு நிமிசம் ஆகப் போகுது.

திருமூர்த்திங்க. என்ற பேரு திருமூர்த்தி. உங்க ஆபீசுல ஒரு காகிதம் இருக்குது, அதுல பதினோரு செகண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன். அது பதினொண்ணு இல்லைங்க, அஞ்சு நிமிசம், ஆறு நிமிசம் ஆகும், எனக்குத் தெரிஞ்சேதான் போட்டேன். அஞ்சாவது மாடி படிக்கட்டுலதான் நிக்கறேன், எங்கயும் போக மாட்டேன், எல்லாருகிட்டயும் சொல்லுங்க. இப்ப அமுக்குங்க. சாமி, ரெண்டு கையாலயும் அமுக்குங்க.